பர்டியின் கேட்டுக்கு நானூற்றுப் பத்து தப்படி

இன்வர்கார்கில்
9 ஏப்ரல் 1961

மச்சான் லாக்கி,

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீ ரயிலில் போட்ட பெட்டி வந்து பதினோரு நாள் ஆகிறது. நீளமாக, ஒல்லியாக இருந்ததா, உன் அக்கா ஜெசி கடையில் சொல்லிவைத்திருந்த திரைச்சீலைக் கம்பிதான் வந்துவிட்டது என்று நினைத்து, அவள் கண்ணில் படாமல் நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். பார்த்தால் அன்றைக்கே ஏணியை எடு என்பாள். நேற்று கரி அள்ளப் போன ஜெசி அதை இழுத்துக்கொண்டு வந்து மேசைமேல் போட்டு, "கம்பி வந்துருச்சு, ஏணி எங்க?" என்றாள். திறந்தால் துப்பாக்கி. துப்பாக்கியைப் பார்த்து நான் இவ்வளவு நிம்மதிப்பட்டது கிடையாது, இத்தாலியில் சண்டை போட்டபோதுகூட.

பட்டாளம் கழித்துப்போட்ட துப்பாக்கி என்றால் எனக்கு ஒரு பாசம். மூக்கு நுனிவரை மரத்தைப் போர்த்திக்கொண்டு, குளிருக்குப் பயந்த கிழவன் மாதிரி இருக்கும். அதையெல்லாம் கழற்றிவிட்டேன். இப்போது இறகு பிடுங்கின கோழி மாதிரி பட்டறையில் கிடக்கிறது. நீ வரவழைத்து அனுப்பின வால்நட் கட்டை நல்ல மரம். ஆனால் குடைந்தவன் அவசரக்காரன். குழல் உட்காருகிற பள்ளத்தில் ஒரு பக்கம் மரம் கடிக்கிறது. அப்படியே பூட்டினால் நாலு குண்டுக்கு மேல் சூடேறி, ஐந்தாவது குண்டு ஊர்சுற்றப் போய்விடும். குழலில் விளக்குக்கரியைத் தடவி உள்ளே வைத்து எடுத்து, கரி ஒட்டின இடத்தை மட்டும் இழைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறேன். சவப்பெட்டிப் பட்டறையில் ஒரு வசதி, யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

உன் அளவு வேண்டும். முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணுவரை அளந்து எழுது. எனக்கு ஆளை முழுசாக அளந்துதான் பழக்கம், அதுவும் படுக்கவைத்து. என் வாடிக்கைக்காரர்களில் திருப்பிப் பேசக்கூடியவன் நீ ஒருவன்தான்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதே. எண்பது கஜத்தில் மானை வெறும் கண்ணால் அடிக்கிறவன் நீ. பெட்டியில் ஒரு ஸ்கோப்பும் இருக்கிறது; தூரத்தை இழுத்துக் காட்டுகிற அந்தக் கண்ணாடி உனக்கு எதற்குடா? கண் மங்கிப்போச்சா, இல்லை மான்களுக்கு உன் முகம் பிடிக்காமல் தள்ளித் தள்ளி நிற்கிறதா?

சாப்பிடுகிறாயா, நாய்கள் சுகமா என்று ஜெசி கேட்கச் சொன்னாள்.

ஸ்டான்


செத்தகுதிரைப் பள்ளம்
16 ஏப்ரல்

அத்தான்,

பதிமூன்றரை அங்குலம்.

மானுக்கு இல்லை. கண்ணும் மங்கவில்லை. ஸ்கோப்பை நானூறு கஜத்துக்குச் சரியாக வைத்துக் கொடுங்கள். என் விறகுக் கொட்டகை வாசலிலிருந்து பர்டியின் கேட்டுக்கு நானூற்றுப் பத்து தப்படி. மூன்று தடவை நடந்து எண்ணிவிட்டேன்.

நாய்களைப் பற்றி அக்கா கேட்டிருக்கிறாள். அவளிடம் சொல்ல வேண்டாம், உங்களோடு இருக்கட்டும். குயின் இல்லை. மார்ச் மூன்றாம் தேதி பர்டி சுட்டுவிட்டான். சுட்டதோடு விடாமல், தூக்கிக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் பொதுவான வேலியில் சாத்திவைத்துவிட்டுப் போயிருந்தான். காலையில் நான் பார்க்க வேண்டும் என்று. தன் ஆடுகளைக் கடித்ததாம். ஒன்பது வருஷம் என்னோடு மலையேறின நாய். நான் விசிலடிக்காமல் ஒரு ஆட்டின் பக்கம் தலையைத் திருப்பியதில்லை.

வீட்டுக்குப் பின்னால் புதைத்தேன். அதன் குட்டி ராய் மூன்று நாள் அந்த மண்மேலேயே படுத்துக்கிடந்தது. இப்போது ராயைச் சாயங்காலமே சங்கிலியில் போட்டுவிடுகிறேன். இருப்பது அது ஒன்றுதான்.

பர்டி தினமும் காலை ஏழு மணிக்கு வந்து அந்தக் கேட்டின்மேல் ஏறி உட்கார்ந்து பைப் பிடிக்கிறான். மடியில் துப்பாக்கி. முகம் என் வீட்டுப் பக்கம். முன்பெல்லாம் அங்கே அவன் உட்கார்ந்ததே இல்லை.

வேலை எப்போது முடியும் என்று எழுதுங்கள்.

லாக்கி


இன்வர்கார்கில்
25 ஏப்ரல்

மச்சான்,

காலையில் பழைய பட்டாளத்தார் அணிவகுப்பு. மெடலைக் குத்திக்கொண்டு நானும் நடந்தேன். கோட்டு பொத்தான் போட மறுக்கிறது. ஜெசி பின்பக்கம் தையலைப் பிரித்து ஒரு கறுப்புத் துணியை வைத்துத் தைத்தாள். முன்னால் பார்த்தால் வீரன், பின்னால் பார்த்தால் குடை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை படிக்கவே எனக்கு அரை நாள் ஆகும் என்று உனக்குத் தெரியும். அப்படியென்றால் எவ்வளவு கவலைப்பட்டிருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொள்.

குயினுக்காக மனசு கஷ்டமாக இருக்கிறது. போன தடவை வந்தபோது என் பூட்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய், மறுநாள் அதுவே திருப்பிக் கொண்டுவந்து வைத்தது. அந்த மாதிரி நாணயம் மனுஷனிடம் இல்லை.

பர்டி கடுகடுப்பன், ஒத்துக்கொள்கிறேன். என் கல்யாணத்தன்று என் காலை மிதித்துவிட்டு, "உன் கால்தான் என் பூட்ஸுக்கு அடியில வந்துச்சு" என்றானே. ஆனால் நீ அவனிடம் போய் நேரில் கேட்டாயா? வாயைத் திறந்து, ஏன்யா இப்படிச் செய்தாய் என்று? உனக்கும் அவனுக்கும் சேர்த்து ஆண்டவன் ஒரு நாக்குதான் கொடுத்தானோ என்று ஜெசி அடிக்கடி சொல்வாள்.

துப்பாக்கி விஷயம். குழல் இப்போது கட்டையில் குழந்தை மாதிரி உட்கார்ந்துவிட்டது. ஸ்கோப் தாங்கியை இடது பக்கம் துளை போட்டு முறுக்கியாகிவிட்டது. இனி ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டும். பத்துப் பூச்சு. ஒவ்வொன்றும் நாலு நாள் காய வேண்டும். ஈரமான ஊர், ஐந்து நாள்கூட ஆகலாம். அவசரப்படுத்தாதே.

இதன் கூடப்பிறந்த துப்பாக்கி ஒன்றை மூன்று வருஷம் தோளில் போட்டுத் திரிந்தவன் நான். மனுஷனைக் குறிபார்ப்பதற்கென்றே செய்தது அது. அந்தப் பழக்கத்தைத்தான் இரண்டு வாரமாக ரம்பம் போட்டு அறுத்துக்கொண்டிருக்கிறேன். நீ அதைத் திரும்ப ஒட்டவைத்துவிடாதே.

நானூறு கஜம் என்று எழுதியிருக்கிறாய். கேட்டில் ஏறி உட்கார்ந்து பைப் பிடிக்கிற மானை நான் கேள்விப்பட்டதில்லை.

இங்கே வந்து ஒரு வாரம் இருடா. சிப்பி வறுத்துத் தருகிறேன்.

ஸ்டான்


செத்தகுதிரைப் பள்ளம்
3 மே

அத்தான்,

பூச்சு வேண்டாம். இருக்கிறபடியே அனுப்புங்கள்.

நேரில் கேட்டாயா என்று எழுதியிருந்தீர்கள். நான் போகவில்லை. அவனாகவே வேலிவரை வந்தான்.

"மத்ததையும் கட்டிப் போடு லாக்கி. தாண்டி வந்தா அதுக்கும் அதேதான்."

"கட்டித்தான் இருக்கு."

"அப்படியா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மறக்கப் போவதில்லை.

குளிர்காலம் நெருங்கிவிட்டது, பனி விழ ஆரம்பித்துவிட்டது. அவன் தொப்பி சிவப்பு. மூட்டத்திலும் தெரிகிறது.

அடுத்த வாரச் சரக்கு ரயிலில் வரவில்லையென்றால், இதைச் செய்து கொடுக்க டனீடினில் ஒரு ஆள் இருக்கிறான். அவன் கேள்வி கேட்க மாட்டான்.

லாக்கி


இன்வர்கார்கில்
10 மே

லாக்கி,

பெட்டி இன்று ரயிலேறிவிட்டது. உண்மையைச் சொன்னால் வேலை முடிந்து நாலு நாள் ஆகிறது. பத்துப் பூச்சு என்றது சும்மா, நாலுதான் பூசினேன். சுண்ணாம்புக் குவாரியில் நூறு கஜத்தில் வைத்து மூன்று குண்டு போட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒரு தேநீர்த் தட்டுக்குள். என் கையால் செய்ததில் இவ்வளவு நல்ல வேலை வேறு கிடையாது.

உன் கடிதங்கள் ஜெசி கையில் சிக்கிவிட்டன. நான் ஒளித்துவைத்தால் அந்த லட்சணம்தான். குயினைப் பற்றிப் படித்தபோது அழுதாள். கேட்டைப் பற்றிப் படித்தபோது அழவில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தாள். வேண்டியதைவிட மூன்று மடங்கு உரித்தாள்.

"அனுப்பாத" என்றாள்.

"அனுப்பலேன்னா டனீடின்ல போய் வாங்குவான். அந்த ஆளுக்கு லாக்கி யாரோ, பர்டி யாரோ" என்றேன்.

ஆகவே அனுப்பியிருக்கிறேன், ஒன்றைத் தவிர. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் என் சட்டைப் பையில் இருக்கிறது. மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். "பொய் எழுதுனா உனக்கு ரெட்டிப்பு நேரம் ஆகும், உண்மையவே எழுது" என்று உன் அக்கா சொல்லிவிட்டாள்.

ஏழு நாள் அந்த ஸ்கோப் வழியாக அவனைச் சும்மா பார். அதற்கு மேலும் வேண்டுமென்றால் நீயே வந்து என் பையிலிருந்து எடுத்துக்கொள். என்னைக் கீழே தள்ளித்தான் எடுக்க வேண்டும். என் இடுப்பைப் பார்த்திருக்கிறாய், ஒரு நாள் பிடிக்கும்.

நீ அவனைச் சுட்டால் உன்னைத் தூக்கில் போட்டாலும் போடுவார்கள், போடாவிட்டாலும் உள்ளேயே கிழவனாவாய். ஜெசிக்கு இருக்கிற ஒரே தம்பி நீ. உன் சவப்பெட்டியை நான்தான் செய்ய வேண்டியிருக்கும். அந்த அளவை நான் எடுக்க மாட்டேன். நீ வேறு யாரையாவது பார்த்துக்கொள்.

ஸ்டான்


செத்தகுதிரைப் பள்ளம்
17 மே

அத்தான்,

துப்பாக்கி வந்தது. கட்டை கையில் அளவாக நிற்கிறது. ஸ்கோப்பும் நன்றாக இருக்கிறது. இன்று காலை பர்டியின் தாடையில், சவரக்கத்தி வெட்டின இடத்தில், ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. அதுவரை தெரிகிறது.

போல்ட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். முயல் ஒழிக்க வருகிற ஹாமிஷிடம் இதே ரகத் துப்பாக்கியின் பழைய போல்ட் ஒன்று கிடந்தது. வாங்கிவிட்டேன். மேலே பொறித்த எண் வேறு. கொஞ்சம் தட்டினால் உள்ளே போகிறது. பிடியும் முழுக்க இறங்குகிறது. உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்.

சனிக்கிழமை அவன் மனைவி சந்தைக்குப் போய்விடுவாள். அவன் மட்டும் இருப்பான்.

அக்காவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

லாக்கி


தந்தி
இன்வர்கார்கில், 19 மே, மாலை 4.40

வேறு போல்ட் போடாதே. பூட்டியது போல் தெரியும் பூட்டியிருக்காது. சுட்டால் உன் முகத்தில் வெடிக்கும். பர்டியை விட்டுவிடு. விடியுமுன் புறப்படுகிறேன். ஸ்டான்


செத்தகுதிரைப் பள்ளம்
22 மே

அத்தான்,

உங்கள் தந்தியைத் தபாலாபீஸ் மிசஸ் மெக்ஃபீ வழக்கம்போல போனில் வாசித்தாள். இந்தப் பள்ளத்தில் ஏழு வீட்டுக்கும் ஒரே போன் கம்பி என்பதை மறந்துவிட்டீர்கள். ஒருவருக்கு மணி அடித்தால் ஏழு பேரும் எடுப்பார்கள். அவள் வாசித்து முடித்த பிறகு யாரும் போனை வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். பின்னால் ஒரு கடிகாரம் ஐந்து அடித்தது. அது பர்டி வீட்டுக் கடிகாரம், எனக்குத் தெரியும்.

நான் உங்களை நம்பவில்லை. என்னைத் தடுப்பதற்காக அப்படிச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை ஹாமிஷின் போல்ட்டைத்தான் போட்டேன். தோட்டாவும் போட்டேன். கொட்டகை வாசலில் விறகுக்கட்டைமேல் குழலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

வரமாட்டான் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு வந்தான். கேட்டில் ஏறினான். தொப்பியைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு என் கொட்டகையை நேராகப் பார்த்தான். ஸ்கோப்பில் அவன் கண்ணிமைப்பது தெரிந்தது. என் விரல் விசைமேல் இருந்தது. இதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

திடீரென்று தலையைத் திருப்பினான். எதைப் பார்க்கிறான் என்று ஸ்கோப்பை அந்தப் பக்கம் நகர்த்தினேன். அவனுடைய மேய்ச்சல் நிலத்தின் மூலையில் ஆடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நின்றன. முன்னால் ஒரு ஆடு விழுந்துகிடந்தது. அதன் கழுத்தில் ராய். வெள்ளை நெஞ்சு முழுக்கச் சிவப்பு.

நான் திரும்பிக் கூண்டைப் பார்த்தேன். சங்கிலி நேராகக் கிடந்தது. நுனியில் கழுத்துப்பட்டை, போட்ட கொக்கி போட்டபடி, வளையம் மாதிரி. தலையை உருவிக்கொண்டு போய், நான் எழுவதற்குள் திரும்பி வந்து உள்ளே நுழைத்துக்கொண்டிருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியாது. அதன் அம்மாவோடு போய்ப் பழகியிருக்க வேண்டும்.

மறுபடி ஸ்கோப்பில் பார்த்தபோது பர்டி ராயைக் குறிவைத்திருந்தான். சுடவில்லை. துப்பாக்கியை இறக்கிவிட்டு, என் பக்கம் பார்த்துக் கையசைத்துக் கூப்பிட்டான்.

துப்பாக்கியை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன்.

"உன்னுது எங்க?" என்றான்.

"கொட்டகையில. போல்ட் சரியில்ல."

"தெரியும். தந்தி கேட்டேன்."

"கேட்டுட்டுமா வந்து உக்காந்த?"

"இங்க உக்காந்தாத்தான் அந்த மூலை தெரியும். மார்ச்லேர்ந்து பதினாலு ஆடு போச்சு. வேற எங்க போய் உக்காரச் சொல்ற?"

பிறகு குயினைப் பற்றிக் கேட்டேன். ஏன் வேலியில் வைத்தாய் என்று.

"வைக்கலேன்னா நீ மலை மலையா விசிலடிச்சுக்கிட்டுத் தேடுவியே. அதான்" என்றான். "அப்பவே வந்து சொல்லியிருக்கணும். உன் மூஞ்சியப் பாக்க முடியல."

ஆட்டைக் கடித்த நாயை, நாய்க்காரன் பக்கத்தில் இருந்தால் அவனேதான் சுட வேண்டும் என்பது இங்கே எல்லாரும் அறிந்த வழக்கம். பர்டி தன் துப்பாக்கியைக் கட்டைப் பக்கமாக என்னிடம் நீட்டினான். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

விசிலடித்தேன். ராய் உடனே வந்தது. எப்போதும் வருகிற மாதிரியே வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

குயினுக்குப் பக்கத்தில் புதைத்தோம். பர்டிதான் குழி வெட்டினான். மண் உறைந்து போயிருந்தது.

துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, அதை ஹாமிஷின் போல்ட்டோடு உங்களுக்கே அனுப்புகிறேன். இங்கே இருக்க வேண்டாம். நீங்கள் வந்து சேரவில்லையே, வழியில் என்ன ஆயிற்று?

லாக்கி


இன்வர்கார்கில்
4 ஜூன்

மச்சான்,

லம்ஸ்டனில் லாரியின் அச்சு முறிந்துவிட்டது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் ஒரு பட்டறை வாசலில், உன் போல்ட்டைக் கையில் உருட்டிக்கொண்டு, என் லாரிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களோடு பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பத்து மணிக்கு மிசஸ் மெக்ஃபீ எங்கெங்கோ கேட்டு அந்தப் பட்டறைக்கே போன் பண்ணி, "ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க, நாய் மட்டும் இல்ல" என்றாள். அந்த அம்மாள் ஒட்டுக் கேட்பதைப் பற்றி இனி நான் ஒரு வார்த்தை கேலி பேச மாட்டேன். ஒரு மாசத்துக்கு.

ராயைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. உன் கடிதத்தை ஜெசிதான் வாசித்தாள். விசில் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அதற்கு மேல் நீயே படி என்று என்னிடம் கொடுத்துவிட்டாள்.

துப்பாக்கி வந்தது. அந்த ஹாமிஷ் போல்ட்டைப் பற்றி நான் சொன்னது பொய்யா நிஜமா என்று எனக்கே தெரிய வேண்டியிருந்தது. இந்த ரகத்தில் ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் துப்பாக்கிக்கென்று இழைத்தது, மாற்றக்கூடாது என்று பட்டாளத்தில் கத்திக் கத்திச் சொல்வார்கள். நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நேற்று நானும் ஜெசியும் குவாரிக்குப் போனோம். ஒரு பழைய டயரில் துப்பாக்கியைக் கட்டினேன். கன்னம் வைக்கிற இடத்தில் ஒரு டர்னிப் கிழங்கைக் கட்டினேன், உன் தலைக்கு ஈடாக இருக்கட்டும் என்று பெரியதாகப் பார்த்து. விசையில் கயிற்றைக் கட்டி, பாறைக்குப் பின்னால் போய் இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கயிற்றை விசைக்குப் பதில் டயரில் கட்டியிருந்தேன். ஜெசி போய் மாற்றிக் கட்டினாள்.

இரண்டாவது தடவை இழுத்ததும் வெடித்தது, முன்னால் இல்லை, பின்னால். தோட்டாவின் அடி கிழிந்து நெருப்பு கைப்பிடிப் பக்கம் வந்தது. வால்நட் கட்டை நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது, நாலு பூச்சு எண்ணெயோடு. டர்னிப்பில், உன் வலது கண் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பித்தளைத் துண்டு விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது.

ஜெசி டர்னிப்பை அவிழ்த்து எடுத்தாள். துண்டைப் பிடுங்க என்னை விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு பாறைமேல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரு கேலியும் பண்ணவில்லை. பண்ண வரவில்லை.

சரியான போல்ட் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன். நீ கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். பர்டியின் நாய்க்குப் போன வாரம் குட்டி பிறந்திருக்கிறது என்று மிசஸ் மெக்ஃபீ சொன்னாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

ஸ்கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை, கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அதைத் தாங்கியிலிருந்து கழற்றி, என் கம்பளிச் சட்டையில் சுற்றி, பத்திரமாக இருக்கட்டும் என்று லாரிக்குப் பின்னால் புல்லில் வைத்தேன். பிறகு ஜெசியை முன்னால் ஏற்றிவிட்டு, லாரியை ரிவர்ஸ் எடுத்தேன்.

ஸ்டான்